ஒரு நிமிஷம் ஓடட்டும்

இழுவை வண்டியிலிருந்து அந்தச் சிவப்புக் காரை இறக்கும்போதே மெக்கானிக் அதை அடையாளம் கண்டுகொண்டார்.

இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய பழைய ஸ்போர்ட்ஸ் கார். பின்பக்க பம்பரில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு நெளிவு. அது எப்படி வந்தது என்பதுகூட அவருக்குத் தெரியும். நாலு வருஷத்துக்கு முன்னால் இதே ஷெட்டின் தூணில் இடித்தவர் அவரேதான்.

காரை வாங்கியிருந்த பல் டாக்டருக்கு அதெல்லாம் தெரியாது. மனுஷர் கல்யாண மாப்பிள்ளை மாதிரி சிரித்துக்கொண்டு நின்றார்.

"டர்போ போயிடுச்சாம். நாலு வருஷமா போர்வை போட்டுத் தூங்கியிருக்கு. சொத்தையைப் பிடுங்கிட்டுப் புதுசு வைக்கணும், அவ்வளவுதானே?"

"அவ்வளவுதான் டாக்டர். உங்க ஆளுங்க வலிச்சா கத்துவாங்க. இது வலிச்சா விசில் அடிக்கும்."

டாக்டர் சிரித்துக்கொண்டே போனார். மெக்கானிக் திரும்பினால், பின்னால் மனைவி. ஸ்பேர் பார்ட்ஸ் கவுண்டரை அப்படியே விட்டுவிட்டு வந்திருந்தாள். காரின் கூரைமேல் உள்ளங்கையை வைத்தாள், காய்ச்சல் பார்ப்பதுபோல.

"தம்பி வண்டி."

"ம்."

"வித்துட்டானா. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலை." "என்னங்க, டர்போவைக் கழட்டினா தெரியுமா?"

"என்ன தெரியும்?"

"அன்னிக்கு அவன் சொன்னது நிஜமா, பொய்யான்னு."

மெக்கானிக் ஸ்பானரைத் தேடுவதுபோல் குனிந்தார். "பார்க்கலாம்."

அன்றைக்கு நடந்தது இதுதான். மச்சான் அப்போது டிரைவிங் ஸ்கூல் நடத்திக்கொண்டிருந்தான். அவனுடைய காருக்குப் புது டர்போ மாட்டிக் கொடுத்தவர் இவர். ஆறே வாரத்தில் அதுவும் போயிற்று. இவர் காற்றுக் குழாயைக் கழற்றி, உள்ளே விரலை விட்டு ஆட்டிப் பார்த்தார். தண்டு லொடலொடத்தது, நீலம் பாரித்திருந்தது. அதற்குமேல் ஒரு போல்ட்டைக்கூட அவர் கழற்றவில்லை. தீர்ப்பை மட்டும் சொல்லிவிட்டார்.

"வேகமா ஓட்டிட்டு வந்து டப்புனு அணைச்சிருக்கே."

என்ஜினுக்குள் காற்றை ஊதித் திணிக்கும் டர்போவின் தண்டு நிமிஷத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்குமேல் சுற்றும். அதைத் தாங்குவது ஒரு மெல்லிய ஆயில் படலம்தான். ஓட்டிவந்த சூட்டோடு என்ஜினை அணைத்தால் ஆயில் நின்றுவிடும், உள்ளே இருப்பது கருகிவிடும். அதனால் ஒரு நிமிஷம் சும்மா ஓடவிட்டு அணைக்க வேண்டும். மச்சான் ஒவ்வொரு தடவையும் வாட்சைப் பார்த்து அந்த ஒரு நிமிஷம் விட்டதாகச் சத்தியம் செய்தான்.

அப்போதுதான் இவர் நாலு கஸ்டமர்களுக்கு முன்னால் அதைச் சொன்னார். "பாதி ஊருக்கு ஓட்டக் கத்துக்கொடுத்த வாத்தியாருக்கு, வண்டியை அணைக்கத் தெரியலை பாருங்க."

நாலு பேரும் சிரித்தார்கள். மச்சான் சிரிக்கவில்லை. கவுண்டரில் நின்ற அக்காவைத்தான் பார்த்தான். அவள் தலையைக் குனிந்துகொண்டு, "அவர் சொன்னா சரியாத்தான்டா இருக்கும்" என்றாள். அதோடு சரி. மச்சான் இவர்கள் வீட்டு வாசலை மிதித்து நாலு வருஷம். அந்தக் கிண்டலுக்கு மட்டும் கால் முளைத்து ஊரெல்லாம் சுற்றியது. அடுத்த வருஷமே டிரைவிங் ஸ்கூலை மூடிவிட்டான் என்று கேள்வி.

மறுநாள் காலை மெக்கானிக் டர்போவில் கை வைத்தார். வெப்பத்தகடு வந்தது. புகைக்குழாய் நட்டுகள் அடம்பிடித்து, கொஞ்சம் கொஞ்சமாக இளகின. கடைசியாக, டர்போவின் தலையில் ஆயில் குழாய் வந்து உட்காரும் இடம். இரண்டு போல்ட்.

இரண்டின்மேலும் மஞ்சள் கோடு.

அது அவருடைய பழக்கம். இறுக்கி முடித்த போல்ட்டின் தலையிலிருந்து கீழ்த்தகடுவரை பெயிண்ட்டால் ஒரு கோடு இழுத்துவிடுவார். யாராவது திருகினால் கோடு உடைந்துவிடும். இந்தக் கோடு உடையவில்லை. அப்படியென்றால் அவருக்குப் பிறகு இந்த இடத்தில் வேறு கை படவில்லை.

போல்ட்டுகளைக் கழற்றிக் குழாயைத் தூக்கினார்.

ஆயில் கசியாமல் தடுக்கும் கேஸ்கெட் இருக்க வேண்டிய இடத்தில் சிவப்பு ஒட்டுப் பேஸ்ட் காய்ந்து ஒட்டியிருந்தது. இறுக்கும்போது பிதுங்கி, ஆயில் இறங்கும் துளைக்குள் வழிந்து, அங்கேயே ரப்பராக உறைந்திருந்தது. பென்சில் முனை நுழையும் துளையில் குண்டூசி நுழையத்தான் இடம் மிச்சம்.

மெக்கானிக் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

எல்லாம் ஞாபகம் வந்தது. புது டர்போ வந்த பெட்டியில் அந்த ஒரு கேஸ்கெட் மட்டும் இல்லை. சனிக்கிழமை சாயங்காலம், ஹோல்சேல் கடை மூடியாயிற்று. "திங்கக்கிழமை வாங்கிக்கலாம் அத்தான், எனக்கு ஒண்ணும் அவசரமில்லை" என்று மச்சான்தான் சொன்னான். இவர்தான் கேட்கவில்லை. சொன்ன நாளில் வண்டியைக் கொடுப்பவர் என்று பேர் வாங்கியவர் ஆயிற்றே. பேஸ்ட் ட்யூபைப் பிதுக்கினார், இறுக்கினார், மஞ்சள் கோடு போட்டார்.

எதிர்ச் சுவரில் அவருடைய கையெழுத்தில் ஒரு அட்டை தொங்கியது: 'ஆயில் வழியில் பேஸ்ட் கூடாது.' அது அன்றைக்கும் அங்கேதான் தொங்கியது.

செருப்புச் சத்தம் கேட்டது. அவர் குழாயைத் துணிக்குள் சுருட்டினார். கை தானாகச் செய்தது.

மனைவி டீ டம்ளரை பெஞ்சில் வைத்தாள். "தெரிஞ்சுதா?"

"எல்லாம் கருகிக் கிடக்கு. ஒண்ணும் சொல்ல முடியாது."

அவள் ஒரு கணம் அவர் முகத்தையே பார்த்தாள். "சரி" என்றாள். கவுண்டருக்குப் போய், ஏற்கெனவே அடுக்கியிருந்த பல்பு டப்பாக்களைக் கலைத்து மறுபடி அடுக்க ஆரம்பித்தாள்.

வேலை இரண்டு நாள் பிடித்தது. புது ஆயில் குழாய், புது கேஸ்கெட். காற்றுக் குழாய்களில் தேங்கியிருந்த ஆயிலையும் உலோகப் பொடியையும் கழுவித் துடைத்தார். புது டர்போவுக்குள் சிரிஞ்சால் ஆயில் ஏற்றினார். பெட்ரோல் பம்ப் ஃப்யூஸைப் பிடுங்கிவிட்டு, ஆயில் விளக்கு அணையும்வரை என்ஜினை வெறுமனே சுற்றினார். இத்தனை பதவிசாக அவர் ஒரு டர்போவை மாட்டியதே இல்லை. கடைசியில் மஞ்சள் பெயிண்ட்டை எடுத்தார், மூடியைத் திறந்தார், கோடு போடாமலே மூடி வைத்தார்.

ட்ரயலுக்கு எடுத்துப் போனார். நேர் ரோட்டில் கொஞ்சம் மிதித்ததும் டர்போ மெல்ல விசில் அடித்துக் காரை முன்னால் அள்ளிக்கொண்டு போனது. பழுதில்லாத விசில். பாலத்தில் வலதுபக்கம் திரும்பினால் ஷெட். அவர் நேராக விட்டார்.

அடுக்குமாடி பார்க்கிங்கின் வாசலில் கண்ணாடிக் கூண்டு. உள்ளே நீலச் சட்டையில் மச்சான். இங்கேதான் டிக்கெட் கொடுக்கிறான் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். ஆள் இளைத்திருந்தான். ஓட்டுகிறவரைப் பார்ப்பதற்கு முன்னால் காரைப் பார்த்துவிட்டான்.

மெக்கானிக்கின் கை சாவிக்குப் போனது.

"அணைக்காதீங்க" என்றான் மச்சான். "சூடா வந்திருக்கு. ஒரு நிமிஷம் ஓடட்டும்."

பிறகுதான் ஆளைப் பார்த்தான். முகத்தில் ஒன்றும் மாறவில்லை. டிக்கெட்டைக் கிழித்து நீட்டினான். "பின்னாடி வேன் நிக்குது. உள்ளே தூணோரமா ஒதுக்குங்க. இடிச்சிடாதீங்க."

குறுக்குக் கம்பி எழுந்தது. மெக்கானிக் தூணோரம் நிறுத்தி, என்ஜினை ஓடவிட்டபடி கண்ணாடியை இறக்கினார். மச்சான் வேனை அனுப்பிவிட்டு, கூண்டின் பின்கதவைத் திறந்துகொண்டு வாட்சைப் பார்த்தபடி வந்து நின்றான்.

"நான்தான்டா" என்றார் மெக்கானிக். "கேஸ்கெட் இல்லைன்னு பேஸ்ட் போட்டேன். அது ஆயிலை அடைச்சிடுச்சு. உன்மேல ஒரு தப்பும் இல்லை."

மச்சான் வாட்சிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. என்ஜின் ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தது.

"எப்போ தெரிஞ்சுது?"

"முந்தாநாள்."

"அக்காவுக்குத் தெரியுமா?"

மெக்கானிக் ஸ்டீயரிங்கைப் பார்த்தார். "கேட்டா. ஒண்ணும் சொல்ல முடியாதுன்னு சொல்லிட்டேன்."

"அப்போ முந்தாநாளும் நான் பொய்யன்தான்." குரலை உயர்த்தாமல் சொன்னான். "ஊர் சிரிச்சதை விடுங்க அத்தான். ஊருக்கு வேற வேலை இல்லை. அக்கா நம்பிட்டா பாருங்க, அதுதான்." மணிக்கட்டை இறக்கினான். "நிமிஷம் ஆச்சு. அணைங்க."

அணைத்தார். அந்த அமைதியில் மேல்மாடியில் ஏதோ ஒரு டயர் கிறீச்சிட்டது.

"டிக்கெட்டுல முதல் பதினஞ்சு நிமிஷம் ஃப்ரீ. அதுக்குள்ள அக்காவுக்குப் போன் போட்டுச் சொல்லுங்க. நான் நிக்கிறேன்."

போட்டார். சொன்னார். மஞ்சள் கோட்டைச் சொன்னார், திங்கட்கிழமை வாங்கிக்கலாம் என்று தம்பி சொன்னதைச் சொன்னார், துணிக்குள் சுருட்டியதையும் சொன்னார். மறுமுனையில் அவள் கடைசிவரை கேட்டாள். பிறகு, "அவன்கிட்ட கொடுங்க."

மச்சான் போனை வாங்கிக்கொண்டு முதுகைத் திருப்பிக்கொண்டான். "அக்கா" என்று மட்டும் மெக்கானிக்கின் காதில் விழுந்தது. அப்புறம் ரொம்ப நேரம் அவன் கேட்டுக்கொண்டுதான் இருந்தான். நீலச் சட்டையின் தோள் இரண்டு தடவை குலுங்கியது.

போன் திரும்பி வந்தபோது இணைப்பு அறுந்திருந்தது.

"வீட்டுக்கு வாடா" என்றார் மெக்கானிக்.

"நான் வரலை அத்தான். அவதான் வர்றா. என் வீட்டுல கொஞ்ச நாள் இருக்கட்டும்." கூண்டை நோக்கி நடந்தவன் நின்று, காரை ஒரு தடவை பார்த்தான். "சத்தம் நல்லா இருக்கு" என்றான்.

ஷெட்டுக்குத் திரும்பும்போது மெக்கானிக் வேகமாகத்தான் வந்தார். கவுண்டரில் விளக்கு அணைந்திருந்தது. கார் விளக்கின் வெளிச்சத்தில் கடைச்சாவியும் வீட்டுச்சாவியும் பல்பு டப்பாக்களின்மேல் பக்கத்துப் பக்கத்தில் கிடந்தன. அவளுடைய கைப்பை தொங்கும் ஆணி காலியாக இருந்தது.

அவர் காரிலேயே உட்கார்ந்திருந்தார். அணைக்காத என்ஜின் சூடாக ஓடிக்கொண்டிருந்தது. வாட்சைத் திருப்பிப் பார்த்து, அறுபதிலிருந்து பின்னோக்கி எண்ண ஆரம்பித்தார்.