‘வேண்டாம்’ என்று ஒரு பட்டன்

1

இந்தக் கதையில் எனக்குச் சொந்தமில்லாத வாக்கியம் ஒன்று இருக்கிறது. மற்றதெல்லாம் அதைச் சுற்றி நான் கட்டியது.

இரண்டாயிரத்து ஐந்தாம் ஆண்டின் கோடையில், புதுச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகப் போகும் பேருந்தில் உட்கார்ந்திருந்தேன். மடியில் புத்தகம். கீழ்புத்துப்பட்டில் பாதிக் கூட்டம் இறங்கிவிட, வண்டிக்குள் ஓர் அமைதி வந்து உட்கார்ந்தது. அந்த அமைதிக்குள் முன்னிருக்கைப் பெண் ஒருத்தி பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள்:

“ஓகே மட்டுந்தான் இருக்குது. வேணான்னு சொல்ல ஒரு பட்டனே இல்லியேடி.”

அதற்குமேல் என் காதில் விழுந்தது என்ஜின் சத்தம்தான். இருவரும் மரக்காணத்தில் இறங்கிப் போனார்கள். நான் விட்ட பக்கத்தைத் தேடிப் புரட்டினேன், வாசிக்க முடியவில்லை. எதற்கு வேண்டாம் என்று சொல்ல நினைத்தாள்?

2

தொடக்கங்கள்.

“உப்புப் பாத்திகள் உச்சி வெயிலில் கண்ணாடிகளாக மின்னிக்கொண்டிருந்த அந்த—”

அடித்துவிட்டேன். பாத்தி ஓரத்தில் குடியிருப்பவள் பாத்தியைப் பார்த்துக்கொண்டா இருப்பாள்? கண் கூசும் என்று அந்தப் பக்கத்து ஜன்னலைச் சாத்தித்தான் வைத்திருப்பாள்.

“சர்புன்னிசாவின் கணவன் சவுதிக்குப் போனபோது—”

இதுவும் வேண்டாம். கதை தொடங்கும்போதே அவனைக் கிளப்பிக் கொண்டுபோய் விட்டுவிடுகிறது. அவள் மிச்சமாகிறாள்.

மூன்றாவது நின்றது.

3

அந்தப் பெட்டி வெள்ளிக்கிழமைகளில்தான் வந்தது.

மற்ற நாட்களில் சர்புன்னிசா இணையத்தைத் தொடுவதில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம், போனில் இருக்கும் ஒயரைப் பிடுங்கிக் கம்ப்யூட்டரில் செருகுவாள். மோடம் கீச்சிட்டு, இரைந்து, அடங்கும். அதற்குள் சவுதியில், தம்மாமில் ஜும்மா தொழுகை முடிந்து, சாப்பாடும் முடிந்து, அவள் கணவன் தாஹா ஏதாவது நெட் கடையில் வந்து உட்கார்ந்திருப்பான். யாஹூ மெசஞ்சரில் அவன் பேருக்குப் பக்கத்தில் மஞ்சள் முகம் ஒன்று ஒளிரும். அதுவரை அவள் நாற்காலியில் முழுதாகச் சாயமாட்டாள்.

கம்ப்யூட்டர் வந்தது சுனாமி அலைக்குப் பிறகு. அந்த ஞாயிற்றுக்கிழமை, கடற்கரை ஊர்களின் பெயர்கள் டிவியில் வரிசையாக ஓட, தாஹா லைன் கிடைக்காத போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருக்கிறான். கடைசியில் கிடைத்தபோது ஒரே வார்த்தைதான் கேட்டான்: “இருக்கியா?” அடுத்த மாதமே அவன் சொல்லி, அவளுடைய அண்ணன் கம்ப்யூட்டரை வாங்கிக்கொண்டு வந்து மாட்டிவிட்டுப் போனார். பேச்சு உடைந்து உடைந்துதான் வந்தது. அதனால் எழுதினார்கள். தமிழை இங்கிலீஷ் எழுத்தில் தட்டிக்கொண்டார்கள்.

அவள் தட்டும்போதுதான் அது வந்து விழும். சாம்பல் நிறப் பெட்டி. தலையில் ‘மெசஞ்சர் சர்வீஸ்’ என்று எழுதியிருக்கும். உள்ளே இங்கிலீஷில் நாலைந்து வரி, அவசரமாக, திட்டுவதுபோல. அடியில் ஒரே ஒரு பட்டன்: ஓகே.

சர்புன்னிசா அதை அமுக்கமாட்டாள். பெட்டியை இழுத்துத் திரையின் கீழ் ஓரத்துக்குத் தள்ளிவிடுவாள். இன்னொன்று வரும். அதையும் தள்ளுவாள். பேசி முடிப்பதற்குள் திரைக்கு அடியில் பெட்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாகத் தலையை மட்டும் நீட்டிக்கொண்டு கிடக்கும்.*

* மேல் மூலையில் சின்னதாகப் பெருக்கல் குறி ஒன்றும் இருந்தது. அதை அமுக்கினாலும் ஓகே அமுக்கியதாகத்தான் ஆகும் என்று அவள் நினைத்தாள். அவள் நினைத்தது முற்றிலும் தவறில்லை.

4

ஏன் அமுக்கமாட்டாள்? இங்கே நான் நெடுநேரம் நின்றேன். ஒரு பட்டனுக்கு இத்தனை பிடிவாதமா என்று இவள்மேல் எனக்கே சந்தேகம் வந்தது.

பிறகு அவளுடைய நிக்காஹ் நாள் கிடைத்தது. பெண் தரப்பு வக்கீலாக நின்ற பெரியவரும் சாட்சிகள் இருவரும் உள்ளறை வாசலில் வந்து நின்று, மணமகன் பேரைச் சொல்லி, சம்மதமா என்று கேட்டார்கள். தலையில் முக்காடு, மூச்சில் மல்லிகை. சர்புன்னிசா வாயைத் திறந்தாள். அதற்குள் பக்கத்தில் இருந்த அக்கா ஆஸிஃபா, “சம்மதம்னு சொல்லிட்டா, போங்க” என்றாள். அறையே சிரித்தது. அவர்கள் போய்விட்டார்கள்.

(தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அவளுக்கு தாஹாவைப் பிடித்திருந்தது. விட்டிருந்தால் சம்மதம் என்றுதான் சொல்லியிருப்பாள். ஆனால் அந்த வார்த்தை இன்னும் அவள் வாயிலேயே இருக்கிறது.)

பேசாமல் இருப்பவர்களை எல்லாரும் தங்களுக்கு வசதியாக வாசித்துவிடுகிறார்கள். அதற்குப் பிறகு எதற்கு என்று தெரியாத எதற்கும் அவள் சரி சொல்வதில்லை.

5

பேருந்துக்குத் திரும்புவோம். பக்கத்தில் இருந்தவள் அமுதவல்லி. பள்ளிக்கூடத் தோழி. மரக்காணம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் டைப்பிங் இன்ஸ்டிட்யூட்டும் அதோடு சேர்ந்த நெட் கடையும் நடத்துகிறாள். என்ஜின் சத்தத்தில் எனக்குக் கேட்காமல் போனதை எழுதுகிறேன்.

“அமுக்கிட்டுப் போவியா, அதுக்குப் போயி மூஞ்சத் தூக்கி வச்சிருக்கே?”

“எதுக்கு ஓகே சொல்றேன்னு தெரியாம எப்படிடி அமுக்கறது? என்னா எழுதியிருக்கானோ.”

“ஆபத்து ஆபத்துன்னு எழுதியிருப்பான். இந்தப் பொட்டி வரக்கூடாதுன்னா எங்ககிட்ட சாமான் வாங்குன்னு அதே பொட்டியில எழுதி அனுப்புவான். கெட்டிக்காரன்.”

“என் அட்ரஸ் அவனுக்கு யாருடி குடுத்தது?”

“உன்ன எவனுக்கும் தெரியாதுடி, பெரிய கலெக்டரு இவ! ஆட்டோவுல போறவன் தெருவெல்லாம் நோட்டீஸ் வீசறான் இல்ல, அந்த மாதிரிதான். நெட்டு போட்டிருக்கிற மிஷினுக்கெல்லாம் வீசறான்.”

“வராமயே பண்ண முடியாதா?”

“ஏன் முடியாது? மெசஞ்சர நிறுத்திடு. முடிஞ்சிது.”

கண்டக்டர் ஊர்ப் பேரைக் கூவினார். அமுதவல்லி பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள்.

அந்த வெள்ளிக்கிழமை சர்புன்னிசா திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். சாம்பல் பெட்டியின் தலையிலும் மெசஞ்சர். மஞ்சள் முகத்தின் தலையிலும் மெசஞ்சர். நோட்டீஸ்காரன் வருகிற வாசலும் தாஹா வருகிற வாசலும் ஒன்றுதான் என்று தோன்றியது. வாசலைச் சாத்தினால் இருவரும்தான் வெளியே நிற்பார்கள்.

பெட்டி வந்தால் வரட்டும் என்று விட்டுவிட்டாள்.

6

[இங்கே முதல் பிரதியில் ஒரு மாமியார் இருந்தார். கம்ப்யூட்டருக்கு எதிரே உட்கார்ந்து புலம்பிக்கொண்டிருந்தார். எழுந்து போகச் சொல்லிவிட்டேன்.]

தாஹாவின் மேலும் எனக்குச் சந்தேகம். முதலில் அவனை ஊருக்குத் திரும்ப மனமில்லாதவனாக எழுதினேன். அப்படி எழுதுவது சுலபமாக இருந்தது. அதனாலேயே கிழித்தேன். “இருக்கியா?” என்று கேட்டவன் அப்படிப்பட்டவனாக இருக்கமுடியாது.

அடுத்த வாரம் அவன் எழுதினான்: “அக்ரிமென்ட் முடியுது. இன்னும் ரெண்டு வருஷம் போடச் சொல்றாங்க. மாடி கட்டிடலாம். ஓகேதானே?”

முன்பு ஒருமுறையும் இதையே கேட்டிருந்தான். அன்று அவள் ஏதும் சொல்வதற்குள் லைன் போய்விட்டது. இந்த முறை சர்புன்னிசா விரல்களை வைத்தாள். வேணாங்க, வந்துடுங்க. திரையைப் பார்க்காமல், எழுத்துகளை மட்டும் பார்த்துக்கொண்டு தட்டினாள். கடைசியில் என்டரை அடித்துவிட்டு நிமிர்ந்தாள்.

அவள் எழுதியது எதுவும் அங்கே இல்லை. முதல் எழுத்துக்கு முன்பே பெட்டி வந்து விழுந்து, தட்டியதெல்லாம் அதற்குள் விழுந்து, என்டர் அதன் பட்டனில் பட்டிருக்கிறது. பெட்டி மறைந்தது. எது எதற்கோ அவள் ஓகே சொல்லியாகிவிட்டது.

“பேசாம இருக்கியே. ஓகேன்னு எடுத்துக்கறேன்” என்று தாஹாவின் வரி வந்தது. “அடுத்த வாரம் சனிக்கிழமை கையெழுத்து.” அதோடு லைன் அறுந்தது.

போன் செய்யலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன். அவன் அறையில் போனைச் சுற்றி எப்போதும் ஆள் இருக்கும். அதுகூடப் பரவாயில்லை. குரலில் சொன்னால் அவள் அழுதுவிடுவாள். அழுதால் அவன் அழுகைக்குப் பதில் சொல்வான். அவள் சொன்னதற்குப் பதில் சொல்லமாட்டான்.

7

மறுநாள் காலையே அமுதவல்லியின் கடைக்குப் போய்விட்டாள்.

“மெசஞ்சர நிறுத்திட்டா அவரு எது வழியா வருவாருடி?”

அமுதவல்லி சிரித்த சிரிப்பில் டைப் அடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் கையை நிறுத்தித் திரும்பிப் பார்த்தார்கள். சர்புன்னிசா சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் அவளும் நிறுத்திக்கொண்டாள்.

“இங்க பாரு. அது வேற, இது வேற. பேரு மட்டுந்தான் ஒண்ணு. எங்க தெருவுல ரெண்டு அந்தோணிசாமி இருக்காங்க. ஒருத்தன் குடிச்சிட்டுக் கலாட்டா பண்ணா இன்னொருத்தனையா ஸ்டேஷனுக்கு இழுத்துட்டுப் போவாங்க?”

“மாட்டாங்க.”

“ஒரு தடவ இழுத்துட்டுப் போனாங்க. அத வுடு. உன் மெசஞ்சர் யாஹூக்காரன் குடுத்தது. இந்தப் பொட்டி அனுப்பறது மிஷினுக்குள்ளயே குந்திக்கிட்டிருக்கிற இன்னொருத்தன். அவன மட்டும் எழுப்பி அனுப்பிட்டா போதும். சாயங்காலம் நான் வந்து பண்ணித் தரேன்.”

“வேணாம்.”

“ஏன்டி?”

“நானே பண்றேன். எங்க எங்க அமுக்கணும்னு மட்டும் சொல்லு.”

(எவ்வளவு சாதாரணமாகச் சொல்லிவிட்டாள், பாருங்கள். எழுதிக்கொண்டிருந்த நானே அடுத்த வரிக்குப் போன பிறகுதான் கவனித்தேன்.)

தட்டவேண்டிய இங்கிலீஷ் எழுத்துகளை அமுதவல்லி பால்பாயின்ட் பேனாவால் அவள் உள்ளங்கையில் எழுதினாள். மரக்காணத்து வெயிலில் எந்தக் கைதான் வேர்க்காது? வீடுவரை விரல்களை விரித்து, கையை முன்னால் நீட்டியபடியே நடந்தாள். எதிரே வந்த பக்கத்து வீட்டு மங்கம்மா மருதாணி என்று நினைத்து, “என்னா விசேஷம்?” என்றாள்.

8

வீட்டுக்கு வந்ததும் ஸ்டார்ட்டை அமுக்கி, ரன்னை அமுக்கி, கையைப் பார்த்துத் தட்டினாள். நீளமான பட்டியல் ஒன்று விரிந்தது. என்னென்னவோ பெயர்கள். விரலைத் திரையில் வைத்து இறங்கினாள். இருந்தான். மெசஞ்சர்.

இரண்டு முறை அமுக்கியதும் உள்ளே ஒரு சின்ன ஜன்னல். ‘ஸ்டாப்’ என்றிருந்ததை அமுக்கினாள். இனி தானாக எழுந்துவிடாதபடி, ‘டிசேபிள்டு’ என்பதைத் தேர்ந்தெடுத்தாள். பிறகு அடியில் பார்த்தாள்.

ஓகே. கேன்சல். அப்ளை.

மூன்று பட்டன்கள். கேன்சல் என்றால் என்ன என்று அவளுக்குத் தெரியும். பஸ் கேன்சல், பரீட்சை கேன்சல். வேண்டாம் என்று சொல்வதற்கு இடம் விட்டு, இந்த மிஷின் இப்போதுதான் அவளைக் கேட்கிறது.

அமுதவல்லி சொன்னது தப்பாக இருந்தால், வெள்ளிக்கிழமை மஞ்சள் முகம் வராது. சனிக்கிழமை அவன் கையெழுத்துப் போட்டுவிடுவான். சுட்டி கேன்சலுக்குப் போனது, கொஞ்ச நேரம் அதன்மேல் நின்றது, திரும்பி வந்தது.

ஓகேயை அமுக்கினாள். எதற்கு என்று தெரிந்து அமுக்கினாள்.

9

முடிவுகள்.

(அ) வெள்ளிக்கிழமை லைனே கிடைக்கவில்லை. — வேண்டாம். அவளை இவ்வளவு தூரம் அழைத்துவந்து தந்திக் கம்பத்தைச் சாய்ப்பது அழகில்லை.

(ஆ) மரக்காணம் பஸ் ஸ்டாண்டில் பெட்டியோடு தாஹா இறங்க, எதிரே முக்காடு பறக்க சர்புன்னிசா— ச்சே.

(இ) நடந்தது என்று நான் நம்புவது:

மோடம் அடங்கியது. மஞ்சள் முகம் வரவில்லை. அவள் நாற்காலி நுனியில் இருந்தாள். மின்விசிறிச் சத்தம். பிறகு வந்தது, எப்போதும்போல, சிரித்துக்கொண்டு.

“அஸ்ஸலாமு அலைக்கும். போன வாரம் லைன் போயிடிச்சி. நாளைக்குக் கையெழுத்து. ஓகேதானே?”

அவள் தட்டினாள். இந்த முறை ஒவ்வொரு எழுத்துக்கும் நிமிர்ந்து பார்த்தாள். எதுவும் மேலே வந்து விழவில்லை.

“வஅலைக்கும் ஸலாம். ஓகே இல்ல. போன வாரமும் நான் ஓகே சொல்லல. அதுக்கு முன்னாடியும் சொல்லல. மாடி வேணாம். நீங்க வந்துடுங்க.”

என்டர். வரிகள் மேலே ஏறி, அவள் பேருக்குப் பக்கத்தில் போய் நின்றன. அங்கே அவனும் அதைப் பார்க்கிறான்.

ஜன்னலின் அடியில் சின்ன எழுத்தில் ஒரு வரி தோன்றியது. தாஹா எழுதிக்கொண்டிருக்கிறார் என்று அதற்கு அர்த்தம். அவள் காத்திருந்தாள். வரி மறைந்தது. பதில் வரவில்லை. மறுபடியும் தோன்றியது. மறைந்தது. மறுபடியும் தோன்றியது.

எழுதி, அழித்து, எழுதுகிறான்.

நான் இங்கே எழுந்துகொள்கிறேன். அவன் என்ன எழுதினான் என்பதை என்னைவிட நீங்கள் நன்றாகச் சொல்வீர்கள். ஒன்று மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன்: அவள் பேசாமல் இருந்தபோது அவனுடைய பதில்கள் உடனே வந்தன. இப்போது அவன் யோசிக்கிறான். அழித்து எழுதுகிறவன்மேல் எனக்கு நம்பிக்கை உண்டு.

லைன் இன்னும் இருக்கிறது. திரையில் வேறு எதுவும் இல்லை. சர்புன்னிசா நாற்காலியில் முழுதாகச் சாய்ந்துகொண்டாள்.

தாஹா எழுதிக்கொண்டிருக்கிறார்