உப்பில்லாத லெந்து

முப்பத்தொரு வருடம் நாகர்கோவில் டெப்போவில் கண்டக்டராக இருந்தவன் நான். எட்டுப் பேர் தொங்கிய பஸ்ஸில் எண்பது பேர் தொங்கியதாகச் சொன்னால்தான் எனக்குச் சோறு இறங்கும். அதனால் நான் சொல்வதில் பாதியைக் கழித்துவிட்டுத்தான் எங்கள் தெருவே கேட்கும்.

பக்கத்து வீட்டு ரசலையன் இந்த லெந்து நாட்களில், ஈஸ்டருக்கு முந்திய நாற்பது நாள் நோன்பில், உப்பை விட்டான். மற்றவர்கள் இறைச்சியை விடுவார்கள். அவனுக்கு அது போதவில்லை. பிரஷர் மாத்திரையையும் போட்டுக்கொண்டு, சோற்றுக்குப் பதிலாகக் குடம் குடமாகத் தண்ணீர் குடித்தான். நாஞ்சில் நாட்டுக் குளங்களெல்லாம் அவனால்தான் வற்றின.

இருபதாம் நாள் என்னை அடுக்களைக்குக் கூப்பிட்டான்.

"லேய் செல்வதாஸே, ஜெயபாய் வந்திருக்கா. தெனமும் மூணு மணிக்கு டாண்ணு வந்திருவா."

ஜெயபாய் அவன் மனைவி. மூன்று வருடம் முன்பு முட்டத்துப் பாறையில் வழுக்கிக் கடலோடு போனவள். காலி நாற்காலிக்கு முன்னால் பால் விடாமல் ஒரு கிளாஸ் கட்டஞ்சாயா வைத்திருந்தான். வெளியே மண்டை பிளக்கும் வெயில். நாற்காலிப் பலகை மட்டும் ஈரமாக இருந்தது.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸாக இருக்கும் என் மருமகள் பிளஸ்ஸியை ஓடிப்போய்க் கூட்டிவந்தேன். அவளிடம் புதிதாக வந்த காகிதப் பட்டைகள் இருந்தன. ஒரு பட்டைக்கு ஒரு சாயாக் காசுகூட ஆகாது. ஒரு சொட்டு ரத்தம் வைத்தால், உடம்பிலுள்ள உப்புக்குத் தக்கபடி ஊதா ஏறும். என்னுடையது நல்ல கத்தரிக்காய் நிறம் காட்டியது. ரசலையனுடையது வெளுத்த வேட்டி மாதிரி கிடந்தது.

"மாமா, உப்பு பயங்கரமா கொறஞ்சிருக்கு. இப்படியே விட்டா வலிப்பு வந்து ஆளே போயிருவாரு. இல்லாததெல்லாம் கண்ணுல தெரியதும் இதனாலதான்."

ரசலையன் சிரித்தான். "அப்போ உப்பு ஏறினா அவ போயிருவா, இல்லியா? எனக்கு ஆஸ்பத்திரி வேண்டாம் மக்கா."

"நாற்காலிக்கு எவ்வளவு உப்புன்னும் பாத்திருவோம்" என்று குறும்பாக ஒரு பட்டையை அந்த ஈரத்தில் ஒற்றினேன். ஊதா ஏறியது, ஏறிக் கறுத்தது.

பிளஸ்ஸி அதைப் பிடுங்கிப் பார்த்தாள். "கடல்தண்ணிய தொட்டாத்தான் இப்படி வரும், மாமா" என்றாள்.

கடல் எங்கள் தெருவிலிருந்து ஒன்பது கிலோமீட்டர். நான் கூட்டிச் சொல்லவில்லை.

அவன் திமிறத் திமிற ஆம்புலன்சில் ஏற்றினோம். ஐந்து நாள் சொட்டுச் சொட்டாக உப்பை ஏற்றி அனுப்பினார்கள்.

வந்த அன்று மூன்று மணிக்கு அடுக்களையில் உட்கார்ந்தான். முன்னால் கஞ்சியும் நெத்திலிக் கருவாடும். தொடவில்லை.

"லேய், எனக்கு ஒண்ணும் தெரியல்ல. உனக்குத் தெரியுதா? அவ வந்திருந்தான்னா, செத்தாலும் நான் இந்த உப்பத் தொடமாட்டேன்."

எதிர் நாற்காலியில் ஜெயபாய் இருந்தாள். தலைமுடியிலிருந்து நீர் வடிந்துகொண்டிருந்தது. அன்று காலையிலும் என் பட்டை கத்தரிக்காய் நிறம்தான். அவள் என்னைப் பார்த்து மெல்லத் தலையாட்டினாள், வேண்டாம் என்று. பிறகு ஈரக்கையால் கருவாட்டுத் தட்டை அவன் பக்கம் தள்ளினாள்.

"ஆருமில்லலே. தின்னு" என்றேன். ஆயுளில் நான் குறைத்துச் சொன்னது அது ஒன்றுதான்.

ரசலையன் வெகுநேரம் நாற்காலியையே பார்த்தான். பிறகு ஒரு நெத்திலியை எடுத்து வாயில் போட்டு முகம் சுளித்தான்.

"முட்டத்துக் கடலையே தின்ன மாதிரி இருக்குலே."