இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கம் வரை

திங்கட்கிழமை காலைக்குள் ஒரு புத்தகத்தின் பெயரைச் சொல்லியாக வேண்டும். முகப்பேரில் உள்ள பெண்கள் பயிற்சி மையத்தில், கம்ப்யூட்டரில் படம் வரையும் கோரல் ட்ரா சொல்லித்தர மதிவதனி சேர்ந்து ஒன்பது நாள்கூட ஆகவில்லை. மையத்தின் மேலாளர் உலகநாதன் மூன்று புத்தகங்களை அவள் பக்கம் நகர்த்தினார்.

"நீயே பாத்துச் சொல்லும்மா. ஒரு தடவ வாங்கிட்டா மூணு வருசத்துக்கு அதான்."

"மூணும் வேணாம்னு சொன்னா?"

"புத்தகமே தேவையில்லன்னு மேலிடத்துல எழுதிடுவாங்க. வேணுமா ஒனக்கு?"

வேண்டாம்தான். மூன்றையும் பையில் திணித்துக்கொண்டு அயனம்பாக்கத்தில் உள்ள வீட்டுக்கு வந்தாள்.

முதலாவது ஆங்கிலப் புத்தகம். எழுநூறு பக்கம், வழவழப்பான தாள், பக்கத்துக்குப் பக்கம் கலர். மாவாட்டும் கல்லைப்போல மடியில் உட்கார்ந்தது. இந்த மாதிரிப் புத்தகம் என்ன செய்யும் என்று அவளுக்குத் தெரியும். ஏழு வருடத்துக்கு முன்பு, அம்பத்தூரில் அவள் சேர்ந்த கம்ப்யூட்டர் வகுப்பில் இப்படி ஒன்றைத்தான் கொடுத்தார்கள். இருபத்திரண்டு பேர் உட்கார்ந்த வகுப்பில் ஒரே மாதத்தில் ஒன்பது பேர்தான் மிச்சம். போனவர்களில் ஒருத்திகூட மக்கு இல்லை. எல்லாம் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்த பெண்கள். புத்தகம் புரியவில்லை என்றால் புத்தகத்தின்மேல் சந்தேகப்படத் தெரியாதவர்கள். 'நம்ம மண்டைக்கு இது ஏறாது' என்று தங்களுக்குத் தாங்களே தீர்ப்பு எழுதிக்கொண்டு போனார்கள். அதை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். இப்போது வரப்போகிற பதினைந்து பேரில் ஒருத்தியும் அப்படிப் போகக்கூடாது.

இரண்டாவது தமிழ்ப் புத்தகம். திரையில் உள்ள ஒவ்வொரு பட்டனின் பெயரையும் விடாமல் தமிழாக்கியிருந்தார்கள். திரையோ ஆங்கிலத்தில் இருக்கும். எந்தப் பெயர் எந்தப் பட்டன் என்று கண்டுபிடிக்கவே ஒரு வாரம் போய்விடும். மூன்றாவது ஒல்லிப்பிச்சான். பேச்சுவாக்கில் எழுதிய தமிழ், மங்கலான கருப்பு வெள்ளைப் படங்கள். அதுவும் பழைய வர்ஷனுக்கு எழுதியது. மையத்துக் கம்ப்யூட்டரில் இருப்பது புதிது. "பழசத் தள்ளிவிட நம்ம தலதான் கெடச்சுது" என்று அதை முதலில் ஒதுக்கியவள் அவள்தான்.

ஒதுக்கிய பிறகுதான் ஓர் எண்ணம் குறுகுறுத்தது. அவள் கற்றுக்கொண்ட புத்தகமும் பழைய வர்ஷன்தானே?

அலமாரியைத் திறந்தாள். துணிகளுக்கு அடியில் அது இருந்தது. அட்டை கிடையாது. இருநூற்றுப் பதின்மூன்றாம் பக்கத்தில்தான் தொடங்கும். முதல் பாதி, அவளோடு படித்த ரேகாவிடம்.

கல்லூரி மூன்றாம் வருடத்தில், கம்ப்யூட்டர் வகுப்பில் கொடுத்தது புரியாமல், அம்பத்தூர் ஓ.டி. பக்கம் பழைய புத்தகக் கடையில் இரண்டு பேரும் சேர்ந்து வாங்கிய புத்தகம் அது. வீட்டில் கம்ப்யூட்டர் கிடையாது. வகுப்பில் ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம். மீதியெல்லாம் படித்துத்தான் மனத்தில் ஏற்ற வேண்டும். ஒரு புத்தகம் ஒரே நேரத்தில் அயனம்பாக்கத்திலும் ரேகா இருந்த திருமுல்லைவாயலிலும் இருக்க முடியுமா? பைண்டிங் கடைக்கு எடுத்துப் போனார்கள். வெட்டுவதற்கு முன்னால் இரண்டு பேரும் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். "படிக்கிற புள்ளைங்களே புத்தகத்த வெட்டச் சொல்றத இன்னிக்குத்தான் பாக்குறேன்" என்று கடைக்காரர் நடுவில் கத்தியை இறக்கினார். அதன்பிறகு ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் ஓ.டி. பஸ் ஸ்டாண்டில் பாதிக்குப் பாதி மாற்றிக்கொள்வார்கள். மழை பெய்தாலும் மாறும். பரீட்சை வந்தாலும் மாறும்.

வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று அம்பத்தூர் தொழிற்பேட்டையில் உள்ள ஒரு ஸ்டிக்கர் கம்பெனியிலிருந்து இரண்டு பேரையும் கூப்பிட்டார்கள். ரேகா வரவில்லை. அன்றைக்கு அவளைப் பெண் பார்க்க வந்திருந்தார்கள். மதிவதனி ஒருத்தியாகப் போனாள், வேலை கிடைத்தது. ரேகாவின் கல்யாண மேடையில், போட்டோவுக்கு நின்றபோது, "இப்பிடிப் போவன்னு முன்னாடியே சொல்லி இருந்தா அந்த மொதப் பாதியையாவது வாங்கிகினு இருப்பேன்" என்று சொல்லிவிட்டு, சாப்பிடாமல் இறங்கி வந்தாள். அதன்பிறகு இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை. ஆறு வருடம்.

சனிக்கிழமை மத்தியானம், அந்த முதல் பாதியைப் பார்க்க, பூந்தமல்லியில் பஸ் மாறி, ரேகா வாழ்க்கைப்பட்ட மாங்காட்டில் இறங்கினாள். மூன்று புத்தகமும் பையில் இருந்தன. தன்னிடமிருந்த பாதியை மட்டும் கொண்டுவரவில்லை. ரோஷம்.

கதவைத் திறந்தது ரேகாவின் மாமியார் பொன்னியம்மா.

"பிளவுஸ் குடுக்க வந்தியாம்மா? அடுத்த மாசந்தான் கெடைக்கும்."

"பிளவுஸ் இல்ல. ரேகாவப் பாக்கணும்."

"அதான், ரேகாவப் பாக்க வர்றவங்க எல்லாம் பிளவுஸோடதானே வருவாங்க."

உள்ளே தரையில் டிரேசிங் பேப்பரைப் பரப்பிக்கொண்டு ரேகா உட்கார்ந்திருந்தாள். பிளவுஸ் கையில் ஆரி எம்பிராய்டரி வேலை செய்வதற்கு மயில் வரைந்துகொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தவள், பென்சிலைக் கீழே வைக்கவில்லை.

"இன்னாடி, மொதப் பாதி வாங்கிகினு போலாம்னு வந்தியா?"

மதிவதனி வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த பேச்சு அந்த ஒரு வார்த்தையில் போயிற்று. "அன்னிக்கு நான் பேசுனது தப்புடி" என்றாள்.

"தப்புன்னு எனக்கு அன்னிக்கே தெரியும். ஒனக்குத் தெரிய ஆறு வருசம் ஆச்சா? ஒக்காரு."

உட்கார்ந்தாள். வந்த காரியத்தைச் சொன்னாள். ரேகா எழுந்து போய் பீரோவிலிருந்து ஒரு மஞ்சள் பையை எடுத்து வந்தாள். முதல் பாதி. பக்கத்துக்குப் பக்கம் மயிலும் மாங்காயும் வரைந்த டிரேசிங் பேப்பர்கள் செருகி, இரண்டு மடங்கு தடிமனாகியிருந்தது.

மதிவதனி மெதுவாகப் புரட்டினாள். அச்சில் இருந்த தமிழைப் படித்தபோது அவளுக்கே சிரிப்பு வந்தது. இவ்வளவு மோசமாகவா இருந்தது? ஆனால் ஓரமெல்லாம் நீலப் பேனா, சிவப்புப் பேனா. 'இங்க இல்ல, மேல ரெண்டாவது.' 'பொய். அழுத்தினா ஒண்ணும் வரல.' 'வந்துச்சு. ஷிப்ட் புடிச்சுகினு அழுத்து.' புத்தகம் சொன்ன இடத்தில் எதுவுமே இருந்ததில்லை. வர்ஷன் வேறு. ஒவ்வொன்றையும் திரையில் தேடிப் பிடித்து, மற்றவளுக்காக ஓரத்தில் எழுதி வைத்திருந்தார்கள். புத்தகம் தப்பு என்று ஓரத்தில் எழுதிய கை, 'என் மண்டைக்கு ஏறாது' என்று ஒருபோதும் எழுதவில்லை.

தொண்ணூற்றெட்டாம் பக்கத்தில் ஒரு கல்யாணப் பத்திரிகை ஒட்டியிருந்தது. அதில் ஒற்றைக் கோட்டில் ஒரு பிள்ளையார், மேலே பேனாப் புள்ளிகள். வளைந்து போகும் கோட்டை எந்தெந்த இடத்தில் நோடு என்னும் புள்ளி வைத்து நிறுத்துவது என்பதுதான் இந்த வேலையின் உயிர். புள்ளி கூடினால் வளைவு கோணும். ஸ்டிக்கர் வெட்டும் மெஷினில் கத்தி தடுமாறித் தாளைக் கிழிக்கும். கம்ப்யூட்டர் இல்லாத நாள்களில், கிடைத்த பத்திரிகைப் பிள்ளையார் மேலெல்லாம் புள்ளி வைத்து, யார் குறைவு என்று பந்தயம் கட்டுவார்கள். ஓரத்தில் கணக்கு இருந்தது: மதி 14, ரேகா 9.

"ஒம்போதுல வராதுடி. நான் ஆறு வருசம் இதே வேல பாத்துட்டேன். பதினொண்ணுக்குக் கீழ வரல. நீ அன்னிக்கு ஏமாத்திட்ட."

"ஏமாத்துனனா?" ரேகா டிரேசிங் பேப்பரில் ஒரு மூலையைக் கிழித்துப் பத்திரிகைமேல் வைத்தாள். தும்பிக்கை நுனியில் ஒன்று. வயிறு திரும்பும் இடத்தில் ஒன்று. யோசிக்காமல் வைத்துக்கொண்டே போனாள். பிறகு புள்ளிகளை ஒரே மூச்சில் இணைத்துப் பேப்பரைத் திருப்பிக் காட்டினாள். பிள்ளையார் அப்படியே இருந்தார். மதிவதனி எண்ணினாள். எட்டு.

"ஒண்ணு கொறஞ்சிடுச்சு" என்றாள் ரேகா. "பிளவுஸ்ல புள்ளி அதிகமானா ஊசிக்காரிங்க திட்டுறாங்க."

பொன்னியம்மா டீ டம்ளர்களை வைத்தாள். "ரெண்டு கழுதைங்களும் சாமி மேல புள்ளி வெச்சு வெளயாடுதுங்க பாரு."

மதிவதனி பையிலிருந்து மூன்றையும் எடுத்துத் தரையில் வைத்தாள். ரேகா பென்சிலை எடுத்து ஒவ்வொன்றின் ஓரத்திலும் ஒரு கோடு கிழித்துப் பார்த்தாள். வழவழப்பான தாளில் பென்சில் வழுக்கியது. இரண்டாவதில் எழுத்து விளிம்புவரை நெருக்கியடித்து நின்றது. ஒல்லிப்பிச்சானில் இரண்டு விரல் அகலத்துக்கு ஓரம் வெறுமையாகக் கிடந்தது.

"இதான்" என்றாள் ரேகா.

"பழைய வர்ஷன்டி."

"நம்முளுது மட்டும் இன்னாவாம்?"

"நாம தப்பா இருந்த புத்தகத்தால கஷ்டப்பட்டோம். அதுங்களும் படணுமா?"

"புதுசு வாங்குனாலும் அடுத்த வருசம் பழசாய்டும். எது தப்புன்னு எழுதுறதுக்கு எடமாவது இருக்கட்டும். மொத நாளே பேனாவக் குடுத்து, தப்பு கண்டுபுடிச்சு எழுதுங்கடின்னு சொல்லு. எவ ஓடறான்னு பாக்கறேன்."

மதிவதனி அந்த வெற்று ஓரத்தில் இரண்டு விரலை வைத்து அளந்தாள். பிறகு போனை எடுத்தாள்.

"சார், அந்த ஒல்லிப் புத்தகம்."

"அதையா? அது பழைய வர்ஷனாச்சேம்மா? சரி, அதுன்னா ரெண்டு பேருக்கு ஒண்ணுன்னு எட்டு காப்பி போட்ருவோமா?"

"ஆளுக்கு ஒண்ணு சார். முழுசா. பாதி கதையெல்லாம் வேணாம்." அவர் பதில் சொல்வதற்குள் போனை வைத்தாள்.

ரேகா தலையைக் குனிந்து சிரித்துக்கொண்டிருந்தாள். டிரேசிங் பேப்பர்களை ஒவ்வொன்றாக உருவி எடுத்துவிட்டு, மெலிந்துபோன முதல் பாதியை மஞ்சள் பையில் போட்டு நீட்டினாள். மதிவதனி வாங்கிக்கொண்டாள். வாசல் வரை வந்த ரேகா நிலைப்படியில் சாய்ந்து நின்றாள்.

"நாளைக்கு ஞாயித்துக்கெழம, ஞாபகம் இருக்குதா? ஒன்னோட பாதிய எடுத்துகினு வா. பஸ் ஸ்டாண்டெல்லாம் வேணாம், ஊட்டுக்கே வா. சாப்புடாம எறங்கிப் போனன்னா மட்டும் பாரு."