ஈப்போ சித்தப்பா

நிரலாக்க மொழிகளின் பாணிகள் என்று மூன்றாம் ஆண்டில் ஒரு பாடம். அதில் தேற நான் வேண்டாத தெய்வமில்லை. மலேசியாவின் காம்பாரில், எங்கள் பல்கலைக்கழக விரிவுரையாளர் டாக்டர் லிம் அந்த வாரம் எடுத்தது தர்க்க மொழி. கணினிக்கு வேலையைப் படிப்படியாகச் சொல்லத் தேவையில்லை. உண்மைகளையும் விதிகளையும் கொடுத்துவிட்டுக் கேள்வி கேட்டால் பதிலை அதுவே தேடிக்கொள்ளும். இருவர் இருவராகச் சேர்ந்து தங்கள் குடும்ப உறவுகளை அதில் எழுத வேண்டும்.

என் ஜோடி தனேஸ்வரன். பாடத்துக்கு மட்டுமல்ல. நாங்கள் காதலிப்பது இரண்டு வீட்டுக்கும் தெரியாது.

முந்தின நாள் அம்மாவிடம் போனில் பெயர்களைக் கேட்டு எழுதினேன். தீபாவளிக்குப் பலகாரம் அனுப்பும் ஈப்போ சித்தப்பாவின் பெயர் பிச்சைமுத்து என்று அப்போதுதான் தெரிந்தது. தனேஸின் அப்பா பெயரும் அதுதான். பேராக் மாநிலத்தில் பிச்சைமுத்துகளுக்கா பஞ்சம்? மாயாண்டியின் தம்பி பிச்சைமுத்து என்று தட்டிவிட்டேன். மாயாண்டி என் அப்பா. நான் கைக்குழந்தையாக இருந்தபோதே போய்விட்டார்.

லேபில் இருவர் கோப்புகளையும் ஒன்றாக்கினோம். சித்தப்பா, பெரியப்பா மகன் என்றால் அண்ணன் தம்பி. அவர்களைக் கட்டிக்கொள்ள முடியாது என்று விதி எழுதியிருந்தேன்.

"நம்மளப் பத்திக் கேளு லா," என்றான் தனேஸ்.

எங்கள் பெயர்களைத் தட்டினேன்: தினேஸ்வரி தனேஸ்வரனைக் கட்டலாமா? இல்லை என்றது கணினி. அவன் எனக்கு யார் என்று கேட்டேன். அண்ணன் என்றது.

தனேஸ் சிரித்தான். "எங்க அப்பா பேரும் உங்க சித்தப்பா பேரும் ஒண்ணா இருக்குல்ல, குழம்பிருச்சு."

"உங்க அப்பா முன்ன எந்த எஸ்டேட்டு?"

"பீடோர், அஞ்சாங்கட்ட. ஏன்?"

எங்கள் அப்பா ரப்பர் மரத்தில் பால் வெட்டியதும் அங்கேதான். அதைச் சொன்னேன். அவன் சிரிப்பு நின்றுபோனது.

வெளியே ஓடி அம்மாவுக்குப் போன் அடித்தேன்.

"ம்மா, ஈப்போ சித்தப்பா அப்பாகூடப் பொறந்தவங்களா?"

"இல்லம்மா. லயத்துல பக்கத்து வீடு. அப்பா தம்பின்னு கூப்பிடுவாரு."

போன உயிர் வந்தது. எஸ்டேட்டில் பக்கத்து வீடெல்லாம் சித்தப்பா, மாமாதான். அதைப் போய் உண்மை என்று தட்டிவைத்த என் புத்தியைச் செருப்பால்தான் அடிக்க வேண்டும்.

"அப்ப சும்மா கூப்பிடறதுதானே?"

"சும்மாவா?" அம்மாவின் குரல் மாறியது. "அப்பா செத்தப்ப சொந்தக்காரன் ஒருத்தன் வரல. மொட்ட போட்டுக் கொள்ளி வச்சது அவருதான். கூடப் பொறந்தவன்கூட அப்படிச் செய்ய மாட்டான். அவரு மகனும் அங்கதான் படிக்கிறானாம். பாத்தா அண்ணேன்னு கூப்பிடு, என்ன?"

சரிம்மா என்றேன்.

உள்ளே வந்தபோது டாக்டர் லிம் எங்கள் மேசையருகே நின்றிருந்தார்.

"மாயாண்டி, பிச்சைமுத்து, இந்த இரண்டு பேருக்கும் கோப்பில் தகப்பன் வேறு வேறு. பிறகு எப்படி அண்ணன் தம்பி?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். "இந்த ஒரு வரிதான் தப்பு. அழித்துவிடுங்கள்."

தனேஸ் என் முகத்தைப் பார்த்தான். "ரத்த சொந்தம் இல்ல," என்று மட்டும் முணுமுணுத்தேன். அவன் பெருமூச்சு விட்டு அந்த வரியை அழித்தான். மறுபடி கேட்டோம். கட்டலாம் என்றது கணினி. டாக்டர் லிம் தலையாட்டிவிட்டு அடுத்த மேசைக்குப் போனார்.

என் போனில் அம்மாவிடமிருந்து ஒரு படம் வந்தது. சித்தப்பாவின் தோளில் கைபோட்டுக்கொண்டு நிற்பது தனேஸ். 'இவன்தான் உன் அண்ணன். நீ அங்க இருக்கன்னு சித்தப்பாகிட்ட சொல்லிட்டேன்.'

படத்தை அவன் பக்கம் திருப்பினேன். அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மேசைமேல் அவன் போன் அடித்தது. திரையில் 'அப்பா'.

அடித்து ஓயும் வரை இருவருமே அதைத் தொடவில்லை.