காதால் வாங்கிய கிரில்

தம்பிக்காரனுக்குப் புகை என்றாலே ஆகாது. கட்டடம் கட்டடமாக ஏறி இறங்கிக் கூரையில் புகை அலாரம் பொருத்துவதுதான் அவன் பிழைப்பு. வீட்டில் மெழுகுவத்தி ஏற்றினால்கூட ஜன்னலைத் திறந்து வைக்கிற ஆள். அப்படிப்பட்டவனுக்கு, மூக்கு வேலை செய்யாத ஒரு அக்கா.

போன வருஷம் வந்த காய்ச்சல் போகிற போக்கில் அவளுடைய வாசனை அறிவையும் வாரிக்கொண்டு போய்விட்டது. அதற்கப்புறம் ஒரு நாள், அடுப்பில் பருப்பை வைத்துவிட்டு வேலையில் உட்கார்ந்தாள். நீதிமன்ற விசாரணை ஒலிப்பதிவுகளைக் கேட்டுத் தட்டச்சு செய்வது அவள் உத்தியோகம். சாட்சி எங்கே முனகினார், வக்கீல் எங்கே செருமினார் என்பதெல்லாம் அவள் காதுக்குத் தப்பாது. ஆனால் ஹெட்போன் மாட்டியிருந்த காதுக்கு, கூரையில் அலாரம் தொண்டை கிழியக் கத்தியது எட்டவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் கதவை உடைக்காத குறையாகத் தட்டியதில் தரையே அதிர்ந்து, அவள் எழுந்து போய்ப் பார்த்தபோது பருப்பு கரிக்கட்டி, பிடிதுணியில் தீ.

அன்றிலிருந்து தம்பி வேலைக்குக் கிளம்பும் முன் சிலிண்டர் ரெகுலேட்டரைக் கழற்றி அலமாரியில் பூட்டிவிடுவான். சமையலும் அவனே. அவன் கைப்பக்குவத்தைப் பற்றி அதிகம் பேசாமல் இருப்பதே மரியாதை. அக்கா பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள்.

"என் வீட்டுலயே நான் விருந்தாளியாடா? மூக்குதானே போச்சு, கை இருக்குல்ல?"

அவனுக்குச் சுருக்கென்றது. ஆனால் எரிந்துபோன வீடுகளுக்குள் நடந்து பார்த்தவன் அவன். பயம் லேசில் விடவில்லை. கடைசியில் ஒரு உடன்படிக்கைக்கு வந்தார்கள். வீட்டுக்குள் வைக்கிற மின்சார கிரில் ஒன்று வாங்குவது. அவன் வைக்கும் சோதனையில் ஏதாவது ஒன்று தேறினால், அவன் இல்லாத நேரத்திலும் அவள் தனியாகச் சமைக்கலாம். ஒன்றும் தேறாவிட்டால் அடுப்படி பழையபடி அவன் கையில்.

கடைக்குச் சாப்பாட்டுப் பையில் ஒரு புகை அலாரத்தைப் போட்டு எடுத்துப் போனான்.

"சார், அது என்ன?" என்று கேட்டாள் விற்பனைப் பெண்.

"பரீட்சை வைக்கப் போறாரு," என்றாள் அக்கா. "நீ ஒவ்வொண்ணா போட்டுக் காட்டும்மா."

முதல் கிரில் மேலும் கீழும் தட்டுகள் சேர்ந்து மூடிக்கொள்ளும் வகை. அந்தப் பெண் வெங்காய வில்லைகளை அடுக்கி மூடினாள். அக்கா என்ன செய்தாள் தெரியுமா? கிரிலுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொண்டாள். கோபமா, பிடிக்கவில்லையா என்று தம்பி குழம்பினான். கேட்டதற்கு, "உன் பரீட்சையை நீ நடத்து," என்று பதில் வந்தது. மேலே பிடித்திருந்த அலாரம் சத்தம் போடவில்லை.

"இது வாயையே திறக்க மாட்டேங்குது. வேற காட்டும்மா," என்றாள் அக்கா.

இரண்டாவது, மூடியில்லாமல் வரிவரியாகக் கம்பி வைத்தது. அடியில் தண்ணீர்த் தட்டு. வெங்காயம் சடசடவென்று பொரிந்தது. கொஞ்ச நேரம் கழித்து, "இப்ப திருப்பும்மா," என்று முதுகைக் காட்டியபடியே சொன்னாள் அக்கா. திருப்பினால் பொன்னிறக் கோடுகள், அச்சுப் பிசகாமல். குருட்டு அதிர்ஷ்டம் என்று தம்பி நினைத்தான். மறுபக்கத்துக்கும் அதே மாதிரி சொன்னாள், அதுவும் சரியாக இருந்தது. இது எப்படி என்று அவனுக்கு மண்டை குடைய ஆரம்பித்தது. அதற்குள் எண்ணெய் சொட்டி லேசாகப் புகை கிளம்ப, அலாரம் வீறிட்டது. கடையே திரும்பிப் பார்த்தது. இது ஃபெயில் என்று தலையாட்டினான்.

மூன்றாவதில் புகையை உள்ளே இழுக்கும் ஃபேன் இருந்தது. அலாரம் அமைதி காத்தது. எதுவரைக்கும் தாங்கும் பார்க்கலாம் என்ற ஆசையில், "எடுக்காதீங்க, கருகட்டும்," என்றான். வெங்காயம் பழுப்பாகி, கறுப்பாகி, சுருண்டது. அலாரம் மூச்சு விடவில்லை. அவன் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு.

"இதுதான்க்கா. கரியே ஆயிடுச்சு, துளி புகை இல்ல."

அக்கா திரும்பினாள். தட்டைப் பார்த்தவளின் முகம் வாடிவிட்டது.

"எப்படா கருகிச்சு? எனக்குத் தெரியவே இல்லையே."

"நீதான் திரும்பி நின்னியே."

"வேணும்னுதான் நின்னேன். மத்தவங்க மோந்து பாத்து சமைக்கிறாங்க, நான் கேட்டு சமைக்கப் பழகியிருக்கேன். தண்ணி இருக்கிற வரைக்கும் வெங்காயம் பேசும். வத்திடுச்சுன்னா குரல் கம்மும், அப்ப திருப்பணும். அதைக் கோட்டை விட்டாலும் புகை கண்ணுக்குத் தெரியும். இதுல ஃபேன் சத்தம் காதை அடைக்குது, புகையையும் முழுங்கிடுது. எனக்கு மூக்கு மட்டுந்தான்டா போச்சு. நீ மிச்சத்தையும் மூடப் பாக்குற."

தம்பி கையிலிருந்த அலாரத்தைப் பார்த்தான். சமைக்கும்போது கத்துகிறதே என்று சில பேர் அலாரத்தின் மேல் பிளாஸ்டிக் பையைக் கட்டி வைப்பார்கள். ஏணி போட்டு ஏறி, அதைப் பிய்த்து எறிந்து, அரை மணி நேரம் பாடம் எடுப்பவன் அவன். இன்று அதே வேலையைச் சொந்த அக்காவுக்குச் செய்யவிருந்தான், அதுவும் பெருமையாக. வெட்கம் பிடுங்கித் தின்றது.

"சமைக்கத்தான் நான் விடலையே, எங்க பழகினே?"

"நீ சமைக்கும்போது ஹால்ல உக்காந்து கேப்பேன். ஒரு நாளாவது சரியான நேரத்துல திருப்பியிருக்கியா நீ?"

விற்பனைப் பெண் சிரிப்பை அடக்கக் குனிந்து எதையோ துடைத்தாள்.

"அந்த ரெண்டாவதையே குடுங்க," என்றான் தம்பி. பிறகு அக்காவிடம், "ஒரே ஒரு நிபந்தனை. கிரில் ஓடும்போது ஹெட்போன் மாட்டக் கூடாது."

"அது நியாயம்," என்றாள்.

அன்று மாலை அவனை அடுப்படியில் நிற்க விடாமல் ஹாலுக்குத் துரத்தினாள். கொஞ்ச நேரத்தில் தீய்கிற வாசனை மாதிரி ஒன்று வந்தது. அவன் கால் தானாக எழுந்தது.

"உக்காருடா. இன்னும் பேசிட்டுதான் இருக்கு," என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தான். உட்காருவதுதான் அவனுக்கு அன்றைக்குப் பெரிய வேலை.

தட்டு வந்தது. வெண்ணெய் தடவிய சோளமும் உருளைக்கிழங்கும், எங்கும் கரியில்லாமல். ஒரு வாய் சாப்பிட்டதுமே அவனுக்கு மனசு இறங்கிவிட்டது. "நாளைக்கு நான் வர ராத்திரி ஆகும். நீயே சமைச்சுக்கோ," என்றான்.

அக்கா தலையசைத்தாள். சோளத்தைக் கடித்து, மென்று, கீழே வைத்தாள். "எப்படி மணக்குது, சொல்லு."

"நல்லா இருக்கு."

"நல்லா வந்திருக்குன்னு எனக்கே தெரியும். வாசனையைக் கேக்குறேன். இந்த வீட்டுல இருக்கிறது உன் மூக்கு ஒண்ணுதான். அதை எங்கயாவது தீ புடிச்சிருக்கான்னு பாக்க மட்டுமே வெச்சிருக்க நீ."

இத்தனை நாளில் அது அவனுக்குத் தோன்றவே இல்லை. சோளத்தை மூக்கருகில் கொண்டுபோனான். மோப்பம் பிடித்துப் பழகிய மூக்குக்கு வாசனையைச் சொல்ல வார்த்தை சிக்கவில்லை.

"வெண்ணெய் உருகின வாசனை முதல்ல வருது. அப்புறம் லேசா வாட்டின மாதிரி. அதுக்கு அடியில, இனிப்பா, பால் மாதிரி ஒண்ணு..."

அக்கா கண்ணை மூடிக்கொண்டாள்.

"மெதுவா சொல்லுடா. விட்டுப் போயிடப் போகுது."