ஐம்பத்து மூன்று படம் குறைகிறது

செல்போன் அலறியது. சத்யப்ரியா எடுத்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து பாண்டிராஜ், மேலூர்ப் பக்கத்து ஆள். அவனுடைய அண்ணன் விருமாண்டியை ஆபரேஷனுக்குத் தயார் செய்கிறார்களாம். போன வருஷ மருத்துவ முகாமில் எடுத்த ஸ்கேனில் நெஞ்சு சுத்தமாக இருந்ததாம். அப்படியானால் இப்போது வலது நெஞ்சில் நெல்லிக்காய் அளவு தெரிகிற கட்டி புதுசு, வேகமாக வளர்கிறது, பன்னிரண்டரைக்கு அறுத்துவிடலாம் என்று டாக்டர் முடிவு செய்துவிட்டாராம். காலையில் கேட்டதும் டாக்டருக்குப் பழைய படத்தை அனுப்பியதற்கு நன்றி சொல்லத்தான் கூப்பிட்டிருந்தான்.

அனுப்பியது அவள்தான். அவள் வேலை பார்க்கும் வில்லாபுரம் ஸ்கேன் சென்டரின் முகாம் படங்கள் எல்லாம் சென்னையில் ஒரு வாடகை சர்வரில் கிடந்தன. இன்று பகல் பன்னிரண்டோடு அதை மூடுகிறார்கள். அறுநூற்று நாற்பது படங்களை ஒவ்வொன்றாக இறக்கி மாளாது என்று, கம்ப்யூட்டரே வரிசையாக இறக்கும்படி ஷெல் ஃபங்ஷன் என்ற சின்ன நிரல் ஒன்று எழுதினாள். சர்வரில் ஒவ்வொரு நோயாளிக்கும் ஓர் எண், அந்த எண்ணில் ஒரு ஃபோல்டர், உள்ளே அவர் பேரில் படம். ஃபங்ஷன் ஒவ்வொன்றுக்குள்ளும் போய்ப் படத்தை எடுத்துவந்து இங்கே ஒரே ஃபோல்டரில் போடும்.

காலையிலேயே ஓடி முடிந்தது. பிழை என்று ஒரு வரிகூட வரவில்லை. போனை வைத்த பிறகுதான் எண்ணிப் பார்த்தாள். ஐநூற்று எண்பத்தேழு. ஐம்பத்து மூன்று குறைகிறது.

பாண்டிராஜைத் திரும்பக் கூப்பிட்டு, முகாமுக்கு வந்ததில் விருமாண்டி எத்தனை பேர் என்று கேட்டாள்.

"எங்க பங்காளிகள்லயே மூணு விருமாண்டி வந்தாகளே மேடம். தலைப்பிள்ளைக்குச் சாமி பேருதான வைப்போம். ஏன் கேக்குறீக?"

பிறகு சொல்கிறேன் என்று வைத்தாள். ஒரே பேர், ஒரே ஃபோல்டர். பின்னால் வந்த படம் முன்னால் வந்ததை அழித்துவிட்டு அதன் இடத்தில் உட்கார்ந்திருக்கிறது.

மணி பதினொன்று நாற்பத்தெட்டு. பேருக்கு முன்னால் நோயாளி எண்ணும் சேரும்படி ஒரு வரியை மாற்றினாள். மேலூர் முகாமுக்கு வந்தவர்களின் எண்களை மட்டும் முதலில் ஓட்டினாள். மூன்று விருமாண்டிகளும் வந்து இறங்கினார்கள். பதிவேட்டில் எண்ணைப் பார்த்து பாண்டிராஜ் அண்ணனின் படத்தைத் திறந்தாள். போன வருஷமே வலது நெஞ்சில், அதே நெல்லிக்காய் அளவில் கட்டி இருந்தது. ஒரு வருஷமாக அது வளரவே இல்லை.

பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த ஓனர் இம்மானுவேல் குரலைத் தாழ்த்தினார். தப்பு வெளியே தெரிந்தால் சென்டரை இழுத்து மூட வேண்டியதுதான். இன்னும் தெளிவான காப்பி கிடைத்தது என்று சொல்லி இதை அனுப்பிவிடு, மற்றதை டாக்டர் பார்த்துக்கொள்வார் என்றார்.

முடிவு செய்துவிட்ட டாக்டர் தெளிவான காப்பியை எதற்குத் திறந்து பார்க்கப்போகிறார்? சத்யப்ரியா மிச்சப் படங்களை ஓடவிட்டுவிட்டு டாக்டரின் நம்பரை அழுத்தினாள்.

"டாக்டர், ஆபரேஷனை நிறுத்துங்க. காலையில நான் அனுப்புனது வேற விருமாண்டியோட நெஞ்சு."