கைராசிக்காரி

விடிந்தும் விடியாத பொழுதிலேயே மூத்தவளுக்கு இடுப்பு விண்ணென்று தெறித்தது. ஐ.சி.யூ.வில் நோயாளிகளின் நெஞ்சுச் சளியை இளக்கி எடுக்கும் பிசியோ இருவரில் மூத்தவள் அவள். வென்டிலேட்டரில் கிடந்த லாரி டிரைவரை நர்ஸும் அவளுமாக ஒருக்களித்துப் படுக்கவைத்தார்கள். மூச்சு வெளியேறும் ஒவ்வொரு தடவையும் விலாவை அழுத்தி அதிரவைத்தாள். உள்ளங்கைக்கடியில் சளி கரகரத்து இளகியது. நர்ஸ் குழாய்விட்டு உறிஞ்சி எடுத்தாள்.

எதிர்க் கட்டிலில் சிட்டு. புதிதாகச் சேர்ந்த பிசியோ. மெஷினிலிருந்து மீண்ட ஒருவரை உட்காரவைத்துக்கொண்டிருந்தாள். அவர் மனைவி சிட்டுவின் கைகளைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"கைராசிக்காரிம்மா நீ!"

அந்த நெஞ்சை அத்தனை நாளும் சுத்தம் பண்ணியது மூத்தவள். உழுதவள் ஒருத்தி, அறுத்தவள் ஒருத்தி. வயிறு எரிந்தது.

அன்றைக்கே மேனேஜர் மூத்தவளைக் கூப்பிட்டார். முந்தின நாள் ராத்திரி ஒரு கொத்தனாரின் மூச்சுக்குழாய் சளியில் அடைத்து, உயிர் போய்த் திரும்பியிருந்தது.

"அவரைப் பாத்தது சிட்டுதானே? சரியா சளி எடுக்கலைன்னு நீங்க சொன்னா போதும். உங்க வேலை நிரந்தரம்."

‘ஆமாம்’ என்ற சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. தித்திக்கவும் செய்தது. ஆனால் சிட்டு வேர்த்து விறுவிறுத்து அந்தக் கொத்தனாரின் நெஞ்சோடு மல்லுக்கட்டியதைப் பார்த்த கண் இது.

"அவ நேத்துக் காலையில எடுத்தா சார். சாயங்காலம் சளி எடுக்குற ஷிப்ட் ஆளுங்களை நிறுத்தினது யாரு?"

"அதான் மெஷின் இருக்கே."

"மெஷின் காத்தைத் தள்ளும் சார். சளியை அள்ளாது."

"உங்க இடத்துக்கு வெளியில ஆயிரம் பேர் நிக்கிறாங்க."

"நிக்கட்டும். அவங்களுக்கும் ரெண்டே கைதான்."

மேனேஜர் கூப்பிட்ட சேதி எட்டி, உடை மாற்றும் அறையில் சிட்டு அழுதுகொண்டிருந்தாள்.

"என் பேரைச் சொல்லிட்டீங்களாக்கா?"

"சொல்லலை. ஆனா சொல்லியிருப்பேன்டி. உன்னைக் கண்டாலே எனக்குப் பத்திக்கிட்டு வருது."

"எனக்குந்தான்க்கா. டாக்டருங்க உங்களைத்தானே தேடுறாங்க. என்னைத் திரும்பிக்கூடப் பாக்குறதில்ல."

மூத்தவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நாம இப்படிப் பொசுங்கப் பொசுங்க, மேனேஜர் மாதிரி ஆளுங்க குளிர் காயுறாங்க. கண்ணைத் துடை, வா."

இருவரும் வார்டு வார்டாகப் போய்ச் சொல்ல, டியூட்டி முடிந்த நர்ஸுகள், துப்புரவுப் பெண்கள், கட்டில் தள்ளுகிறவர்கள் எல்லோரும் வீட்டுக்குப் போகாமல் மேனேஜர் அறைமுன் திரண்டார்கள். சாயங்கால ஷிப்ட் திரும்ப வரவேண்டும். சிட்டுமேல் பழி கூடாது. கொத்தனாரின் அண்ணனும் வந்து நின்றான்.

"என் தம்பிக்கு மூச்சு வேணும். நானும் நிக்கிறேன்."

முதலில் கதவைத் தட்டக் கை நீட்டியது சிட்டு. அதுகூடப் பொறுக்கவில்லை மூத்தவளுக்கு, எட்டி முந்திக்கொண்டாள். சிட்டு முறைத்தாள், பிறகு சிரித்தாள். இருவரும் சேர்ந்தே தட்டினார்கள்.

உள்ளே நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.